பைக்குள் போன மண்: அலங்காநல்லூர் வட்டார நாற்றுப்பண்ணைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அலங்காநல்லூர், பாலமேடு, வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் நர்சரி நடத்துகிறவர்களுக்கும், ஊராட்சி நாற்றங்கால்களில் பை நிரப்பும் மகளிர் குழுவினருக்கும் இந்த மடல்.

உங்கள் பண்ணைக்குள் வரும் டிப்பர் லாரியிலிருந்து தொடங்குகிறேன். 13க்கு 25 சென்டிமீட்டர் பாலித்தீன் பையை வழக்கமான அளவுக்கு நிரப்பினால் ஏறத்தாழ 1.2 லிட்டர் பிடிக்கும். ஒரு லட்சம் பைக்கு 120 கனமீட்டர். நூறு கன அடி ஒரு யூனிட் என்கிற நம்மூர்க் கணக்கில் அது 42 யூனிட். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, தொழுஉரம் ஒரு பங்கு என்றுதான் காலகாலமாகக் கலந்துவருகிறோம். அப்படியானால் அந்த 42 யூனிட்டில் 32 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவானது எங்கோ ஓரிடத்தில் தரையிலிருந்து வெட்டி எடுத்தது. 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு, மரங்களின் பரப்பை 33 விழுக்காட்டுக்குக் கொண்டுபோவதை இலக்காக வைத்திருக்கிறது. அதற்கு வேண்டிய கன்றுகளில் பெரும்பகுதி பையில்தான் வளர்ந்தாக வேண்டும். மரம் நடுவதற்காக மலையடிவாரத்தைச் சுரண்டுகிறோமே என்று இதைச் சுற்றுச்சூழல் பேச்சாகக் கொண்டுபோகலாம். கொண்டுபோனால் நீங்களும் தலையாட்டிவிட்டு அடுத்த லோடுக்குச் சொல்லியனுப்புவீர்கள். அதனால் நான் சொல்லவருவது வேறு. அந்த மண்ணும் மணலும் கன்றுக்கே ஒத்துக்கொள்வதில்லை. பையில் போடும் கலவையில் பாதியாவது நன்றாக மக்கிய உரமாக இருக்க வேண்டும். கன்றுக்குச் சாப்பாடாக அதை மேலே தூவச் சொல்லவில்லை. வேர் குடியிருக்கும் இடமே அதுவாக இருக்கட்டும் என்கிறேன்.

வயலில் நல்ல மண் என்று பெயரெடுத்தது பைக்குள் போனதும் ஏன் கெடுகிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. வயலில் பாய்ச்சிய தண்ணீரைக் கீழே இருக்கும் மண் இழுத்துக்கொள்கிறது. ஓரடி மண்ணுக்கு அடியில் இன்னும் பல அடி மண் உண்டு. அது தாகத்தோடு இருக்கும்வரை மேல்மண்ணில் காற்றுக்கு இடம் கிடைத்துக்கொண்டே இருக்கும். பைக்கு அடியில் அப்படி இழுக்க ஒன்றும் கிடையாது. ஓட்டை போட்டிருக்கிறோமே என்பீர்கள். ஓட்டைக்கு வெளியே இருப்பது வெறும் காற்று. காற்று ஈர மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சி வாங்காது. நுண்ணிய துளைகள் பிடித்துவைத்திருக்கும் நீர் தன் எடையால் மட்டுமே கீழே விழ வேண்டும். அதனால் பையின் அடிப்பகுதியில் எப்போதும் ஒரு நீர்ப்பட்டை தேங்கி நிற்கும். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து உள்ளங்கையில் படுக்கைவசமாக வைத்துப் பாருங்கள். சொட்டிச் சொட்டி நின்றுவிடும். நின்றபின் அதையே நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள், மறுபடியும் ஒழுகும். ஸ்பாஞ்சும் அதுதான், தண்ணீரும் அதுதான், உயரம் மட்டும் கூடிவிட்டது. வயல் என்பது மிக உயரமான ஸ்பாஞ்சு, நாற்றுப் பை மிகக் குட்டையான ஸ்பாஞ்சு. துகள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு உயரத்துக்கு அந்த நீர்ப்பட்டை ஏறும். களி கலந்த செம்மண்ணில் அது பையின் கால் பகுதியோடு நிற்பதில்லை. பல நேரங்களில் முழுப் பையையும் பிடித்துக்கொள்ளும்.

மணல் கலந்தால் இளகிவிடும் என்பது நம்மிடம் பழகிப்போன பதில். கலவையில் பெரும்பங்கு மணலாக இருந்தால் அது உண்மை. ஒரு பங்கு மணலை இரண்டு பங்கு களிமண்ணில் போட்டால், மணலுக்கு இடையே இருக்க வேண்டிய வெளியைக் களி வந்து அடைத்துக்கொள்ளும்; கொத்தனார் சாந்து குழைப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிப்போய் எம்-சாண்ட் வாங்குகிற இந்தக் காலத்தில், அதிலுள்ள கல்தூசி இன்னும் மோசம் செய்கிறது. இதற்கு மேல் தினமும் ஹோஸ் பைப்பில் அடிக்கும் தண்ணீர், ஆறு மாதத்தில் மேல்பரப்பை ஓடு போல இறுக்கிவிடும். கன்று வாடியிருக்கிறதே என்று இன்னும் தண்ணீர் விடுகிறோம். அந்த வாட்டத்துக்குக் காரணம் வேருக்குக் காற்று கிடைக்காததாக இருக்கலாம் என்பது மனதில் படுவதேயில்லை.

இதை அளந்து பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியின் ஓட்டைகளை அடைத்து, உங்கள் கலவையை நிரப்பி, மேலே பளபளவென்று நிற்கும்வரை மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு ஓட்டையைத் திறந்து வடியும் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து அளந்து பாருங்கள். வெளியே வந்த நீரின் இடத்தில்தான் இப்போது காற்று இருக்கிறது. நாற்றுக் கலவைக்கு நூற்றுக்கு 10 முதல் 20 பங்கு காற்றுவெளி வேண்டும் என்பது உலகெங்கும் நாற்றுப் பண்ணைகள் வைத்துக்கொள்ளும் பொதுவான அளவு. அதாவது ஒரு லிட்டருக்கு 100 முதல் 200 மில்லி வடிய வேண்டும். களிச் செம்மண் கலவையில் என்ன வடிகிறது என்று நீங்களே பாருங்கள். இந்த மடலில் நான் எழுதும் எல்லாவற்றையும்விட அந்த டம்ளர் நன்றாக வாதாடும்.

கம்போஸ்ட் என்ற சொல்லே இந்த விஷயத்தில் நம்மைக் குழப்பியிருக்கிறது. நமக்கு அது குப்பை மக்கிய உரம், வயலுக்கு அடிப்பது. இங்கிலாந்துத் தோட்டக்காரருக்கு அந்தச் சொல் இன்னொன்றையும் குறிக்கும்: தொட்டியில் நிரப்பும் கலவைக்கே அவர் கம்போஸ்ட் என்றுதான் சொல்வார். 1930களில் அங்கே ஜான் இன்னிஸ் தோட்டக்கலை நிலையத்தில் வில்லியம் லாரன்ஸ், ஜான் நியூவெல் என்ற இருவர், ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு ரகசியக் கலவை என்றிருந்த வழக்கத்தை ஒழித்து, எல்லாச் செடிக்கும் பொதுவான ஒரு கலவையைச் சோதித்துக் கண்டார்கள். மண் ஏழு பங்கு, பீட் எனும் சதுப்புநிலக் கரிமப் பொருள் மூன்று பங்கு, பருமணல் இரண்டு பங்கு. மண்ணில் உள்ள நோய்க்கிருமிகளுக்காக அதை ஆவியில் வேகவைத்துச் சேர்த்தார்கள். மண் அதிகமாக இருந்த அந்தக் கலவையும் அங்கேயே நின்றுவிடவில்லை. 1957இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கையேடு மண்ணையே விலக்கி, மணலும் பீட்டும் மட்டுமுள்ள கலவைகளுக்குப் போனது. அடுத்த பத்தாண்டில் கார்னெல் பல்கலைக்கழகம் மணலையும் விலக்கியது. ஒரே தரத்தில் மண் கிடைக்கவில்லை, மண்ணோடு நோய் வருகிறது, எடை அதிகம் என்ற காரணங்கள் அங்கே சொல்லப்பட்டவை. டிப்பர்க்காரரிடம் நீங்கள் போடும் சண்டையும் ஏறக்குறைய இதே காரணங்களுக்குத்தான்.

அவர்கள் நம்பிய பீட்டுக்கு இப்போது அங்கேயே எதிர்ப்பு வலுத்துவிட்டது. உலக நிலப்பரப்பில் மூன்று விழுக்காடு அளவே உள்ள அந்தச் சதுப்பு நிலங்கள் மண்ணில் உள்ள கரிமத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பூட்டிவைத்திருக்கின்றன. வெட்டினால் அது காற்றுக்குப் போகும். மாற்றுக்காக ஐரோப்பாவின் பண்ணைகள் எங்கே கைநீட்டுகின்றன தெரியுமா? பொள்ளாச்சிக்கு. தென்னை நார் ஆலையில் மஞ்சி எடுத்தபின் உதிரும் பழுப்புத் தூள், நாம் நார்க்கழிவு என்றும் பித் என்றும் சொல்வது, அமுக்கிக் கட்டியாக்கப்பட்டு நெதர்லாந்துக்குக் கப்பலேறுகிறது. இந்தியாவின் தென்னை நார்ப் பொருள் ஏற்றுமதியில் முதலிடம் கயிற்றுக்கும் இல்லை, மிதியடிக்கும் இல்லை, இந்தத் தூளுக்குத்தான். ஆம்ஸ்டர்டாம் பக்கத்து ரோஜா நம்மூர்த் தேங்காய் மட்டைத் தூளில் வேர்விடுகிறது. தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிற வாடிப்பட்டி நர்சரிப் புங்கங்கன்று வெட்டிவந்த செம்மண்ணில் மூச்சு முட்டுகிறது. இதில் வேடிக்கை இருக்கிறதா வேதனை இருக்கிறதா என்று முடிவுசெய்வதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

நார்க்கழிவைப் போட்டோம், நாற்று மஞ்சளடித்துப் போனது என்று சிலர் சொல்வது சரிதான். காரணம், போட்டது மக்காத பித். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி பச்சை நார்க்கழிவில் கரிமமும் தழைச்சத்தும் 112க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. அதில் லிக்னின் என்கிற கட்டைப்பொருள் மட்டும் 30 விழுக்காடு. அத்தனை கரிமத்தைத் தின்ன வரும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து போதாமல், கன்றுக்கு வைத்ததையும் அவை பிடுங்கித் தின்கின்றன. பந்தியில் உட்கார்ந்த விருந்தாளி வீட்டுக்காரர் சோற்றையும் சாப்பிட்ட கதை. அதே பல்கலைக்கழகம் சொல்லும் முறையில், ஒரு டன் நார்க்கழிவுக்கு ஐந்து பாட்டில் சிப்பிக்காளான் வித்தும் ஐந்து கிலோ யூரியாவும் அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காத்தால், 60 நாளில் அந்த விகிதம் 24க்கு 1 ஆக இறங்குகிறது, தழைச்சத்து 0.26இலிருந்து 1.06 விழுக்காடாக ஏறுகிறது. லிக்னின் ஐந்து விழுக்காட்டுக்குக் கீழே வந்துவிடுகிறது. கறுத்து, உதிரியாகி, தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் பிடித்துக்கொண்டே காற்றுக்கும் இடம் விடும் பொருளாக அது மாறுகிறது. யூரியா பிடிக்காத இயற்கை வேளாண் நண்பர்கள் சாணக்கரைசலையும் கோழி எருவையும் கொண்டு அதே வேலையைச் செய்யலாம். நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இதற்கான சாட்சி உங்கள் பண்ணைக்குள்ளேயே இருக்கிறது. தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றை இப்போது யார் மேட்டுப்பாத்தியில் மண்ணில் விடுகிறார்கள்? நிழல்வலைக் குடிலுக்குள், 98 குழி கொண்ட தட்டுகளில், மண் ஒரு பிடிகூட இல்லாமல் நார்க்கழிவு மக்கில்தான் நாற்று வருகிறது. விலை உயர்ந்த வீரிய ஒட்டு விதையை அதை நம்பித்தான் போடுகிறீர்கள். வாங்க வரும் விவசாயியும் வேர்ப்பந்து வெள்ளை வெளேரென்று முழுசாக வருகிறதா என்று தட்டிலிருந்து ஒன்றை உருவிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறார். குழித்தட்டில் நம்பியதைப் பக்கத்துப் பாத்தியில் அடுக்கியிருக்கும் பையில் ஏன் நம்பக்கூடாது? பழக்கம் என்பதைத் தவிர இந்த வித்தியாசத்துக்கு வேறு காரணம் எனக்குப் படவில்லை.

நார்க்கழிவு மட்டுமே போதுமா என்றால் போதாது; சத்தில் அது ஏழை. அதோடு சேர்க்க நம் வட்டாரத்தில் பொருளுக்குப் பஞ்சமில்லை. அலங்காநல்லூர் என்றதும் ஊர் உலகம் ஜல்லிக்கட்டு வாடிவாசலைத்தான் நினைக்கும். அந்தக் காளைகள் வருஷத்தில் ஒரு நாள் சீறினாலும் மிச்ச 364 நாளும் சாணம் போடத்தான் செய்கின்றன. சோழவந்தான் கொடிக்கால்களில் கழித்த கொடியும் தழையும், வாழைத் தோப்பின் மட்டை, வைக்கோல், மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விற்காமல் வாடும் பூ என்று பட்டியல் நீளும். நம்மூர்த் தேசிய கூட்டுறவு சர்க்கரை ஆலை ஓடிய காலமாக இருந்தால் பிரஸ்மட்டையும் முதல் வரிசையில் வைத்திருப்பேன். நூறு டன் கரும்பு அரைத்தால் மூன்று நான்கு டன் கிடைக்கும் அந்த ஆலைக்கழிவில் சுண்ணாம்பும் மணிச்சத்தும் நிறைய. அதிலுள்ள மெழுகு நீர் புகவிடாது என்பதால் மக்கவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். அரவை நின்று சில ஆண்டுகளாகிவிட்ட நிலையில், ஆலையைத் திற என்று கரும்பு விவசாயிகள் கேட்கும் கோரிக்கையில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். தரம் பிரிக்காத நகரக் குப்பையில் செய்த உரத்தைப் பைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். வயலில் சிதறிப்போகும் கண்ணாடித் துண்டு, பை நிரப்பும் பெண்ணின் கையில் ஏறும்.

இனி நீங்கள் எழுப்பும் மறுப்புகளுக்கு வருகிறேன். தொழுஉரம்தான் ஏற்கெனவே ஒரு பங்கு போடுகிறோமே என்பது முதலாவது. குழியில் ஆறு மாதம் கிடந்த சாணமும் மக்கு உரமும் ஒன்றில்லை. வெயிலிலும் மழையிலும் கிடந்து தழைச்சத்தை இழந்து, உள்ளே பாதி பச்சையாகவே இருக்கும் அந்தக் குப்பையில் கோரையும் பார்த்தீனியமும் விதையாக உட்கார்ந்திருக்கின்றன. சூடு ஏறாததுதான் குறை. குவியலைத் திறந்தவெளியில் நீளவாக்கில் போட்டால், 15 நாள் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு நிற்க வேண்டும், அந்த நாட்களுக்குள் ஐந்து முறை புரட்டியாக வேண்டும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் விதிகள் கேட்கும் அளவு. நோய்க்கிருமியும் பெரும்பாலான களை விதையும் அதில் சாகும். 1920களில் ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தூரில் வகுத்த முறையும் புரட்டுவதைத்தான் அடிப்படையாகக் கொண்டது. பெங்களூரில் ஆச்சார்யா 1939இல் கொண்டுவந்த குழி முறையில் புரட்டும் கூலி மிச்சம். ஆனால் தொடக்கத்தில் சில நாள் மட்டும் சூடேறி, பிறகு காற்றில்லாமல் மெல்ல மக்கும். வயலுக்கு அது போதும். நாற்றுப் பைக்கு இந்தூர் முறையே ஏற்றது.

மக்கில் நோய் வரும் என்பது அடுத்த அச்சம். இங்கே இரண்டு பக்கமும் பேச வேண்டும். அரைகுறையாக மக்கியதைப் போட்டால் நாற்றழுகல் கூடத்தான் செய்யும். அதிலிருக்கும் சர்க்கரைப் பொருள் பித்தியம் போன்ற நோய்க்கிருமிகளுக்கு விருந்து. முற்ற மக்கியதில் கதை மாறுகிறது. அமெரிக்காவின் ஓஹையோவில் ஹாரி ஹொயிட்டிங்க் என்ற தாவர நோயியலாளர் 1970களிலிருந்து, மரப்பட்டை மக்கில் வளர்த்த தொட்டிச் செடிகளில் பித்தியமும் பைட்டோப்தோராவும் உண்டாக்கும் வேரழுகல் அடங்குவதைக் காட்டினார். நல்ல நுண்ணுயிர்கள் இடத்தையும் உணவையும் பிடித்துக்கொண்டதால் கெட்டவை தலையெடுக்க முடியவில்லை. வேகவைத்த மண்ணில் இந்தக் காவல் கிடையாது. பச்சை மண்ணிலோ யார் காவல், யார் திருடன் என்றே தெரியாது. வாழைத் தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் வெட்டிய மண்ணோடு வேர்முடிச்சு நூற்புழுவும் பைக்குள் வருகிறது. கன்றோடு சேர்ந்து அது வாங்கியவர் நிலத்துக்கும் போகிறது. நோயைப் பற்றிக் கவலைப்படுகிறவர் சந்தேகப்பட வேண்டியது முதலில் மண்ணை.

காண்டாமிருக வண்டு பற்றிய கேள்வியை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தென்னைக் குருத்தைத் துளைக்கும் அந்த வண்டு முட்டையிடுவதே சாணக் குப்பையிலும் மக்கும் நார்க்கழிவிலும்தான். தோப்புகள் சூழ்ந்த ஊரில் கவனமில்லாமல் குவியல் போட்டுவைப்பது அக்கம்பக்கத்துத் தென்னைக்குச் செய்யும் துரோகம். கட்டைவிரல் பருமனுக்கு வெள்ளைப் புழுவாக மாதக்கணக்கில் அது குப்பைக்குள் கிடக்கும். சூடேறிய குவியலின் நடுவில் அதற்கு வாழ்வில்லை, ஓரங்களில் உண்டு. அதனால்தான் புரட்டும்போது ஓரத்தை நடுவுக்குத் தள்ள வேண்டும், புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போட வேண்டும், பச்சை மஸ்கார்டின் எனப்படும் மெட்டாரைசியம் பூஞ்சையைச் சூடு தணிந்தபின் தெளிக்க வேண்டும், பைக்குப் போகுமுன் சல்லடையில் சலித்தே ஆக வேண்டும். இந்த வேலைகளுக்கு ஆளில்லாத பண்ணை குவியல் போடாமல் இருப்பதே மேல்.

உப்பு இன்னொரு தடை. நம் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் ஏற்கெனவே உவர்ப்பு. மத்திய அரசின் 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கழிவு உரத்துக்கு வைத்திருக்கும் ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) உச்சவரம்பு 4. வயலில் ஏக்கருக்குச் சில டன் சிதறும்போது அது பெரிதில்லை. பையில் அதையே முழுக்க நிரப்பினால் முளைக்கும் விதை கருகும். தரச்சான்று பெற்ற உரம் என்பதால் மட்டும் அது நாற்றுக்கு ஏற்றதாகிவிடாது. மண்புழு உரத்துக்கும் இது பொருந்தும். ஓஹையோ அரசுப் பல்கலைக்கழகத்தில் கிளைவ் எட்வர்ட்ஸ் குழுவினர் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தக்காளியிலும் செண்டுமல்லியிலும் செய்த சோதனைகளில், கலவையில் சிறு பங்கு மண்புழு உரம் சேர்த்தபோது வளர்ச்சி கூடியது. முழுக்க அதையே நிரப்பியபோது சரிந்தது. ஆகவே முழுக்க மக்கு என்று நான் வாதிடவில்லை. கலவையை ஆறு பங்காக வைத்தால், நார்க்கழிவு மக்கு இரண்டு, சாணமும் தழையும் சேர்ந்து மக்கியது ஒன்று, செம்மண் அல்லது வண்டல் இரண்டு, உமிக்கரி ஒன்று என்பது என் கணிப்பில் தொடங்குவதற்கு நல்ல இடம். உமிக்கரி என்றதும் பாட்டி பல் துலக்கியது நினைவுக்கு வரும். அரிசி ஆலையில் மலிவாகக் கிடைக்கும் உமியைச் சாம்பலாக்காமல் கருக்கி, ஒருமுறை அலசிப் போட்டால், மணல் செய்ய வேண்டிய வேலையை எடையில்லாமல் செய்துவிடும். நார்க்கழிவையும் மக்கவைக்குமுன் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி வடித்துவிடுங்கள். பெரியாறு கால்வாயில் தண்ணீர் வரும் மாதங்களில் அந்த வேலையை வைத்துக்கொள்ளலாம்.

மண் இரண்டு பங்கு ஏன் இருக்கிறது என்று கேட்பீர்கள். உங்கள் மறுப்புகளில் ஒன்றுக்கு நான் பணிந்ததன் அடையாளம் அது. மக்கு பைக்குள்ளும் மக்கிக்கொண்டே இருக்கும். ஒட்டு மாங்கன்று போல ஓராண்டு, இரண்டாண்டு பையில் நிற்பவற்றில் கலவை கீழே இறங்கி வேர்க்கழுத்து தெரியும். மண்ணும் உமிக்கரியும் இறங்காமல் நின்று அதைத் தாங்கும். கன்று நடப்போகும் இடம் கரிசலாகவோ களியாகவோ இருந்தால் இன்னொரு சிக்கல்: லேசான கலவை முதலில் காயும், சுற்றியிருக்கும் களி அதற்குத் தண்ணீர் தராது. நட்ட முதல் சில வாரம் தண்ணீரைப் பாத்தியில் விடாமல் தூரோரம் விடச் சொல்லி வாங்குகிறவரிடம் நீங்கள் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டு, கன்று காய்ந்தபின் மக்கின் மேல் பழிபோடுவது நியாயமில்லை. பையில் சிவப்பு மண் தெரியாவிட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார் என்பதற்குப் பதில் சொல்ல நான் மெனக்கெடப் போவதில்லை. குழித்தட்டு நாற்றை வாங்கிப் பழகியவர்கள் இதற்கும் பழகுவார்கள்.

கடைசியாகக் காசு. மண் மலிவு, மக்கு விலை என்பது யூனிட் கணக்கில் மெய். கன்றுக் கணக்கில் பொய்யாக இடமுண்டு. மேலே சொன்ன 1.2 லிட்டர் பையில் மண் கலவை காய்ந்த நிலையிலேயே ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். மக்குக் கலவை ஒரு கிலோவுக்குள் அடங்கும். அதே லோடு ஆட்டோவில் கூடுதல் கன்று ஏற்றலாம், பாத்தியிலிருந்து வண்டிக்குத் தூக்கும் பெண்களின் இடுப்பும் கொஞ்சம் பிழைக்கும். தண்ணீர் விடும் தடவை குறையும். முளைக்காமலும் அழுகியும் போகும் பைகளின் செலவை யாரும் மண்ணின் விலையில் சேர்ப்பதில்லை. அதைச் சேர்த்துப் பாருங்கள். இதற்கு எதிராக ஒரு கணக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு லட்சம் பைக்குப் பாதி மக்கு என்றால் 21 யூனிட். மக்கும்போது கன அளவு ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கும் என்பதால் 40 யூனிட்டுக்கு மேல் மூலப்பொருள் வேண்டும். அதைப் போட, புரட்ட, நிழல்கட்ட, தண்ணீர் தெளிக்க ஒரு சிறு பண்ணையில் இடம் ஏது? தனித்தனியாக இதைச் செய்யச் சொன்னால் நீங்கள் கைவிட்டுவிடுவீர்கள், விடுவதும் நியாயம். அதனால்தான் இதைத் தனிமனிதர்களுக்கு எழுதாமல் ஒரு கூட்டத்துக்கு எழுதுகிறேன். பத்துப் பண்ணைகள் சேர்ந்து நார் ஆலை ஒன்றின் பக்கத்திலேயே பொதுக் களம் எடுத்தால், பித் ஏற்றிவரும் வாடகை மிச்சம், புரட்டுவதற்கு ஒரு டிராக்டர் முன்வாளி போதும், ஈ.சி., பி.எச். பார்ப்பதற்கு ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரிக்கு ஒரு மாதிரி அனுப்பினால் பத்துப் பேருக்கும் ஆகும்.

ஐப்பசி நடவுக்குப் போகும் கன்றுக்குச் சித்திரையில் பை நிரப்ப வேண்டுமென்றால், குவியல் தை பிறந்ததும் விழ வேண்டும். ஜல்லிக்கட்டு முடிந்து ஊர் ஓய்ந்த அந்த வாரமே நல்ல நாள். மக்கியதா இல்லையா என்பதை நிறத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள்: ஈரமான ஒரு பிடியைப் பாலித்தீன் கவரில் இறுகக் கட்டி மூன்று நாள் நிழலில் வைத்துத் திறந்தால் மண்வாசம் வர வேண்டும், மூக்கைப் பிடிக்க வைத்தால் இன்னும் இரண்டு வாரம் விடுங்கள். பிறகு ஒரு தட்டில் உங்கள் கலவை, இன்னொன்றில் கழுவிய மணல். இரண்டிலும் ஐம்பது பச்சைப்பயறு. பத்து நாளில் முளைப்பும் இலையின் நிறமும் சொல்லிவிடும். அது தேறினால் முதல் ஆண்டுக்கு ஆளுக்கு 200 பை போதும். நூறில் வழக்கமான மண், நூறில் புதுக் கலவை, ஒரே விதை, ஒரே பாத்தி, ஒரே ஹோஸ். ஐப்பசியில் உயிரோடு நிற்பதை எண்ணுங்கள், பத்துக் கன்றின் வேரைக் கழுவி நீளம் பாருங்கள், பத்துப் பண்ணையின் எண்களையும் ஒரே தாளில் எழுதுங்கள். எந்த நூறு எது என்று பாத்தியின் தலைமாட்டில் பெயிண்டால் எழுதிவைக்க மறந்துவிடாதீர்கள். சாக்பீஸ் எழுத்து ஆடி மழைக்குத் தாங்காது.